பெரியாள் நாள்

பெரம்பலூர்
17-1-83

மாமாவுக்கு,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். மணி பதினொன்றரை ஆகிறது. பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் உட்கார முடிந்தது. எழுத்து கோணலாக இருந்தால் தூக்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை. இன்லண்ட் லெட்டர் தீர்ந்துவிட்டதால் அறிவழகனின் கணக்கு நோட்டில் நடுத்தாளை எடுத்திருக்கிறேன்.

அறிவழகனும் பூங்கோதையும் நன்றாக இருக்கிறார்கள். காய்ச்சல், சளி ஒன்றும் இல்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் அரியலூரில் ரூம் எடுத்துத் தங்கப்போன நாளிலிருந்து அறிவழகன் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வருகிறான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

பொங்கலுக்கு நீங்கள் வரவில்லை. அதை எழுதக்கூடாது என்று நினைத்துத்தான் பேனாவைத் திறந்தேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

சொல்ல வந்தது காணும் பொங்கலன்று நடந்தது. பக்கத்து வீட்டு செல்வம்மாள் அக்கா குடும்பம் முழுவதும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ரஞ்சன்குடிக் கோட்டைக்குக் கிளம்பினார்கள். "புள்ளைங்களயாவது அனுப்பி வையி கொளஞ்சி, கைய உடாம பாத்துக்கறேன்" என்று அக்கா வந்து நின்றார். எனக்குக் கண்ணில் நின்றதெல்லாம் அந்த மதில் சுவரும் அகழியும்தான். வேண்டாமக்கா என்றேன். "ரெண்டையும் இப்புடி அடகாக்குறியே, கோழி கூட எறங்கி மேயும்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து, அவர்கள் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பூங்கோதை கேட்டாள்: "நமக்கு மட்டும் ஏம்மா லீவு, லீவு மாதிரியே இல்ல?"

நான் படித்தபோது காலேஜ் ஹாஸ்டலில் வருஷத்துக்கு ஒருநாள் சமையல்காரம்மாக்களை உட்காரவைத்து நாங்கள் பரிமாறுவோம். அவர்கள் எங்களை அதட்டுவார்கள், "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துடி" என்பார்கள். அது ஞாபகம் வந்தது. சரி, இன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் பெரியாள், நான் சின்னப் பிள்ளை, நீங்கள் சொன்னபடி கேட்கிறேன் என்றேன். என் குரலில் அவ்வளவு உற்சாகமெல்லாம் இல்லை. அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

அறிவழகன் நீங்கள் சுரங்கத்துக்குப் போட்டுப்போகும் பிஸ்கட் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டான். அது முழங்காலுக்குக் கீழே வந்தது. பையில் பேனா, கையில் டிபன் கேரியர். "இன்னைக்கு எத்தன லோடு கல்லு ஏறுச்சு?" என்று என்னைக் கேட்டான். நாற்பது என்றேன். "பத்தாது" என்றான். பூங்கோதை துண்டைத் தாவணியாகச் சுற்றிக்கொண்டு எனக்குத் தலை வாரிவிட்டாள். ஸ்லேட்டில் அ, ஆ எழுதச் சொன்னார்கள். ஒரு டம்ளர் பால் குடித்த பிறகுதான் எழுந்திருக்க விட்டார்கள். கிணற்றுப் பக்கம் போகாதே, ஓடாதே, வெயிலில் நிற்காதே, கை கழுவு. நிமிஷத்துக்கு ஒரு தரம் பூங்கோதை வந்து என் நெற்றியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு "சுடல" என்று சொல்லிப் போனாள்.

மதியம் ஒரு மணியோடு முடித்துக்கொண்டோம். அவர்களுக்கு அலுத்துவிட்டது.

இதற்குப் 'பெரியாள் நாள்' என்று பேர் வைத்திருக்கிறான். இனி வருஷா வருஷம் உண்டா என்று கேட்கிறான். அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கொளஞ்சி


அரியலூர்
21-1-83

கொளஞ்சிக்கு,

காசிநாதன் எழுதுவது. உன் கடிதம் 19-ம் தேதி கிடைத்தது. விவரம் தெரிந்துகொண்டேன்.

பிள்ளைகள் விளையாடியதை நான் தப்புச் சொல்லவில்லை. ஆனால் பாப்பா போய் இன்னும் மூன்று மாதம் முடியவில்லை. அதற்குள் என் சட்டையை மாட்டிவிட்டுச் சிரித்திருக்கிறீர்கள். உனக்கு முடிகிறது. அதை எழுதியும் அனுப்புகிறாய். எனக்குப் படிக்கவே கஷ்டமாக இருந்தது.

பொங்கலுக்கு ஏன் வரவில்லை என்று நீ நேராகக் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் பொங்கல் வைப்பதில்லை, அது நம் வழக்கம். ஆனால் பல் முளைக்காத பிள்ளைக்குத் துக்கம் கிடையாது, அதனால் பொங்கல் வைக்கலாம் என்று பூலாம்பாடியிலிருந்து அண்ணன் கடிதம் போட்டிருந்தார். கரும்பு, மஞ்சள், புதுப்பானை எல்லாம் உன்னிடம் கொண்டுவந்து கொடுத்ததாகவும் எழுதியிருந்தார். அவர் கொடுத்தார் என்றால் நீ வைத்திருப்பாய். நம் வீட்டு வாசலில் பானை பொங்குவதையும் நீ குலவை போடுவதையும் வந்து பார்க்க என்னால் ஆகாது. அதனால் வரவில்லை.

இங்கே மூன்று நாளும் சுரங்கத்தில் மற்ற எல்லாரையும் ஊருக்கு அனுப்பிவிட்டு நானே காவல் டியூட்டி பார்த்தேன். லாரி டிரைவர் ராசாங்கம், "என்ன சார், பொங்கலும் அதுவுமா கல்லோட குடித்தனம் பண்றீங்களா, அக்கா வெரட்டி உட்டாங்களா?" என்றான். எங்கள் வீட்டில் இந்த வருஷம் பொங்கல் இல்லை என்றேன். அவன் தொப்பியை எடுத்துவிட்டான். அவனுக்குத் தெரிகிற அளவுகூட உனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. கம்பெனி தெற்கே, திருநெல்வேலிக்கும் அந்தப் பக்கம் புதுச் சுரங்கம் திறக்கிறது. வர இஷ்டமுள்ள சூப்பர்வைசர்கள் பிப்ரவரி 15-க்குள் கையெழுத்துப் போட வேண்டும். நான் பேர் கொடுத்திருக்கிறேன். போனால் வருஷத்துக்கு ஒரு தரம்தான் வர முடியும். வீட்டுக்கு அனுப்புவதை ஒழுங்காக அனுப்பிவிடுவேன், அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம்.

அறிவழகன் கேட்ட மாதிரி, கல்லாய் இறுகிப்போன சிப்பி ஒன்று பாறைக்குள் கிடைத்தது. தபாலில் அனுப்பினால் உடையும்.

காசிநாதன்


பெரம்பலூர்
25-1-83

மாமாவுக்கு,

இதுவும் நடுச்சாமத்தில்தான். பகலில் எழுதினால் பூங்கோதை வந்து மடியில் ஏறிக்கொள்கிறாள்.

நான் பொங்கல் வைக்கவில்லை.

உங்கள் அண்ணன் வந்தது உண்மை. கரும்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "கைப்புள்ளைக்கெல்லாம் துக்கம் கெடையாதும்மா, ஊரு ஒலகத்துல இல்லாததா, நீ பாட்டுக்கு வையி" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். சரிங்க என்றேன். அவர் பஸ் ஏறியதும் பானையைத் தூக்கிப் பரண் மேல் கவிழ்த்துவிட்டேன். கரும்பை செல்வம்மாள் அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். பொங்கலன்று மதியம் முந்தின நாள் வடித்த சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டோம். தெருவில் எல்லா வாசலிலும் புகை. குலவை கேட்கும்போதெல்லாம் பூங்கோதை என் வாயைப் பார்த்தாள்.

ஐந்து மாதம் என் மேல் கிடந்த பிள்ளைக்குத் துக்கம் இல்லையாம். அப்படியென்றால் எனக்குள் இப்போது இருப்பதற்கு என்ன பேர் என்று யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. அழுகை வந்தால்கூடத் தேவலை. வரவில்லை. பல் விளக்குகிறேன், சோறு வடிக்கிறேன், அறிவழகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறேன். எல்லாவற்றையும் வேறு யாரோ ஒருத்தி செய்வதுபோல் இருக்கிறது.

நீங்கள் அங்கே பொங்கல் இல்லை என்று இருந்தீர்கள். நான் இங்கே அதேபோல இருந்தேன். ஒரு மணி நேர பஸ். இரண்டு பேரும் மற்றவர் பொங்கல் கொண்டாடுகிறார் என்று நினைத்துக்கொண்டோம். எனக்கும் உங்கள் மேல் அந்த நினைப்பு இருந்தது. அங்கே யார் வீட்டிலாவது சாப்பிட்டிருப்பீர்கள் என்று.

போன கடிதத்தில் ஒன்றை மறைத்தேன். அலுத்துப்போய் முடித்துக்கொண்டோம் என்று எழுதினேன். அப்படி இல்லை.

பால் குடித்து, எழுதி எல்லாம் ஆன பிறகு அறிவழகன் சொன்னான், "இப்ப அப்பாவும் அம்மாவும் பேசிக்கிறாங்க. நீ சின்னப் புள்ள, அங்க தள்ளி ஒக்காரு." நான் சுவரோரம் உட்கார்ந்தேன். அவன் கூடத்தின் நடுவில் போய் நின்றான். பூங்கோதை எதிரே நின்றாள். அவளைப் பார்த்து, "படிச்சவதானே நீ" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எந்த ஊர் போகிறது என்று சொல்வதுபோல் சொன்னான். ஒவ்வொரு எழுத்தும் உங்களைப் போலவே இருந்தது.

பூங்கோதை ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் பாடம் தெரிந்திருந்தது. மெதுவாகப் போய்ப் பாயில் படுத்து, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, துண்டை முகத்தில் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அசையவே இல்லை. நாலு வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் அசையாமல் கிடக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

அறிவழகன் கேரியரை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, ரகசியம்போலச் சொன்னான்: "அவ்ளோதான். இனிமே அம்மா பேச மாட்டாங்க. நீ போயி வெளாடு."

நான் போனேன். வேறு என்ன செய்ய, அன்றைக்கு நான் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. கொல்லைக்குப் போய்த் துவைகல்லில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் ஒன்றுமே நடக்காததுபோலப் பொரி தின்றுகொண்டிருந்தார்கள்.

நான் சிரித்துக்கொண்டு இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். சட்டை போட்டதற்குச் சிரித்தேன். அது உண்மை. மூன்று மாதத்தில் அது ஒருமுறை.

தெற்கே போவதைப் பற்றி நான் என்ன சொல்ல. உங்கள் கையெழுத்து உங்களுடையது.

கொளஞ்சி


அரியலூர்
30-1-83

கொளஞ்சிக்கு,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இதையாவது முடித்து அனுப்ப வேண்டும். எனக்கு உன்னைப்போல் எழுத வராது.

அன்றைக்கு நான் அதைச் சொன்னபோது கூடத்தில் அத்தனை பேர் இருந்தார்கள். பிள்ளை வாசலில் நிற்கிறான் என்று நினைத்தேன். அவன் எங்கே இருந்து கேட்டான் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். கதவுக்குப் பின்னால் இருந்திருப்பான். பெரியவர்கள் அழும்போது அவன் அங்கேதான் போவான்.

நீ இரண்டு கடிதம் எழுதியும் ஒரு விஷயத்தைத் தொடவில்லை. நான் தொடுகிறேன். யாராவது தொட்டுத்தான் ஆக வேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் பாப்பாவுக்குக் காய்ச்சல் ஏறியது. நீ ஒன்பது மணித் திருச்சி பஸ்ஸுக்குப் பையோடு நின்றாய். புடவை மாற்றிவிட்டாய். பாப்பாவைச் சுற்றி எடுத்துக்கொண்டாய். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்று முழுவதும் வெயிலில் நின்ற களைப்பு. "காலையில பாத்துக்கலாம்" என்றேன். நீ பையைக் கீழே வைத்தாய். காலை முதல் பஸ்ஸில் போனோம், பாடாலூர் தாண்டும்போது உன் மடியிலேயே முடிந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பினதும் எல்லாரும், நேற்றே ஏன் கொண்டுபோகவில்லை என்று கேட்டார்கள். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்கள். நான் உன் பக்கம் திரும்பி அந்த வார்த்தையைச் சொன்னேன். அவ்வளவு பேர் முன்னால் என்னால் வேறு எதையும் சொல்ல முடியவில்லை. பி.ஏ. படித்தவள், உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று எல்லாரும் உன்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். என்னை விட்டுவிட்டார்கள்.

நீ அங்கேயே சொல்லியிருக்கலாம், நான் கிளம்பினேன், இவர்தான் தடுத்தார் என்று. சொல்லவில்லை. அப்புறமாவது என்னிடம் தனியாகச் சொல்வாய் என்று பார்த்தேன். தட்டு வைத்தாய், தண்ணீர் வைத்தாய், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். தினமும் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, இன்றைக்குச் சொல்லிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டே வருவேன். சொல்லியிருந்தால் சண்டையாவது வந்திருக்கும். ஐந்து வாரம் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை. ஷிப்ட் மாறிவிட்டது, தங்க வேண்டும் என்று நான் சொன்னது பொய். ஷிப்ட் மாறவில்லை.

பொங்கல் விஷயத்தில் உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். அண்ணன் கடிதத்தை நம்பினேன்.

பெரியாள் நாள் வருஷா வருஷம் இருக்கட்டும் என்று அறிவழகனிடம் சொல். சட்டையையும் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் அவன் என்னைப்போல இருக்க வேண்டாம். அது மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடு.

தெற்கே போகிற தாள் மேஜையில் இருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றும் சொல்ல வரவில்லை. அங்கே என்னை யாருக்கும் தெரியாது. அந்த ஊரில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

காசிநாதன்


பெரம்பலூர்
5-2-83

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாயங்காலமே படித்துவிட்டேன். அறிவழகன், அப்பா என்ன எழுதியிருக்காங்க என்று இரண்டு தரம் கேட்டான். பெரியாள் நாள் உண்டாம் என்றேன். மற்றதைச் சொல்லவில்லை.

நீங்கள் எழுதியது எல்லாம் அப்படியே நடந்தது. எனக்கும் ஒரு வார்த்தை மறக்கவில்லை. ஆனால் நான் வாயைத் திறக்காததற்கு நீங்கள் நினைக்கிற காரணம் இல்லை. பெருந்தன்மையும் இல்லை, உங்களைத் தண்டிக்கவும் இல்லை.

நீங்கள் "காலையில பாத்துக்கலாம்" என்றதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதுதான் காரணம். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. அறிவழகனையும் பூங்கோதையையும் எழுப்பி யார் வீட்டில் விடுவது, இருட்டில் திருச்சியில் எங்கே இறங்குவது என்று பயந்துகொண்டே கிளம்பியிருந்தேன். யாராவது வேண்டாம் என்று சொல்ல மாட்டார்களா என்றுதான் பையோடு நின்றேன். நீங்கள் சொன்னீர்கள். நான் பையை வைத்துவிட்டுப் பாப்பாவின் பக்கத்தில் படுத்து நன்றாகத் தூங்கினேன். நீங்கள் எழுப்பித்தான் எழுந்தேன். இதை வைத்துக்கொண்டு உங்களைப் பார்த்து, நீங்கள்தான் தடுத்தீர்கள் என்று எப்படிச் சொல்வேன். சொன்னால் பாதிதான் உண்மை. மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் முழுவதையும் விழுங்கிவிட்டேன்.

நீங்கள் சொன்ன அந்த வார்த்தை எனக்கு வலித்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் வலிக்கிறது. எங்கள் வம்சத்திலேயே காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். அந்தப் படிப்பை அத்தனை பேர் முன்னால் செருப்புபோலக் கழற்றி என் மேல் போட்டீர்கள். அதற்காக நீங்கள் என்னிடம் ஒருநாள் வருத்தம் தெரிவிக்க வேண்டும். கடிதத்தில் வேண்டாம்.

அறிவழகனிடம் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். இனி விளையாடும்போது அப்பா மாதிரி இருக்க வேண்டாம், பூங்கோதையும் அம்மா மாதிரி இருக்க வேண்டாம் என்றேன். அவன் பென்சிலைக் கடித்தான். "அப்ப எப்புடி இருக்கறது? எனக்கு வேற பெரியாளத் தெரியாதேம்மா" என்றான்.

செல்வம்மாள் அக்கா மாதிரி இருக்கட்டுமே என்றேன். "அவங்க கத்துவாங்க" என்றாள் பூங்கோதை. சரி, பள்ளிக்கூட வாத்தியார்? "அவரு சும்மா சும்மா பெரம்ப எடுப்பாரு" என்றான். வரிசையாகத் தெருவில் உள்ள எல்லாரையும் சொல்லிப் பார்த்தோம். ஒருத்தரும் தேறவில்லை. கடைசியில் இரண்டும் சிரித்துக்கொண்டு பாயில் உருண்டன. நானும் கூடச் சேர்ந்து கொஞ்சம் உருண்டேன்.

அடுத்த பொங்கல் வரை காத்திருக்க முடியாதாம். வருகிற 13-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஒருதரம் வேண்டும் என்கிறார்கள். பழைய ஆட்டம் சரியாக முடியவில்லை, அதனால் அது கணக்கில் வராது என்பது அறிவழகன் போட்ட சட்டம். இன்னொரு சட்டமும் போட்டிருக்கிறான். இந்தத் தடவை சின்னப் பிள்ளை ஒன்று போதாதாம், இரண்டு வேண்டுமாம். ஒன்று நான்.

நீங்கள் கையெழுத்துப் போடுங்கள், போடாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. போட்டுவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரியாள் என்றால் நான் ஒருத்திதான். என்னைப் பார்த்து அவர்கள் கற்றுக்கொள்வது சுவரைப் பார்த்துப் படுப்பது. அதை எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது. மாறுவேனா என்று எனக்கே தெரியவில்லை. முயற்சி செய்கிறேன் என்று சொன்னால் உங்களுக்கும் நம்பிக்கை வராது, எனக்கும் வராது. ஆனால் நீங்கள் வந்தால் நான் பேசுவேன். சண்டையாகக்கூட இருக்கலாம். பிள்ளைகள் எதிரிலேயே பேசுவேன். சண்டை போட்டுவிட்டு மறுபடியும் ஒரே தட்டில் பொரி தின்பது எப்படி என்று அவர்கள் ஒருதரம் பார்க்கட்டும். நமக்கும் அது தெரியாது. தெரிந்துகொள்ளலாம்.

வருகிறீர்களா, இல்லையா. அந்த ஒரு வரி போதும். வியாழக்கிழமைக்குள் வந்து சேர்கிற மாதிரி போட்டீர்கள் என்றால், பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். வரவில்லை என்றாலும் எழுதுங்கள்.

சீக்கிரம் பதில் போடுங்க.

கொளஞ்சி